அய்யாவுக்கு ஒரு சொம்பு மோர்

கொலைக் குற்றவாளி என்றால் தலையைக் குனிந்துகொண்டு வருவார் என்றுதான் நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். ஆவுடையப்பன் கல்யாண வீட்டுக்கு வருகிறவர் மாதிரி வந்தார். சிறையில் கொடுத்த வெள்ளைச் சட்டையை எப்படியோ கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தார். சாட்சி மேஜையில் உட்கார்ந்ததும் முதல் காரியமாக மைக்கை விரலால் தட்டி, "ஹலோ... ஹலோ..." என்றார். திருப்தி இல்லை போலிருக்கிறது. "சத்தத்த இன்னும் கொஞ்சம் கூட்டுங்க தம்பி" என்று மைக்குக்காரரிடம் கேட்டுக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழுத் தலைவர் இளமாறன் என்னை முறைத்தார். முறைக்க அவருக்கு முழு உரிமையும் உண்டு. கொலையானவர் அவருடைய அப்பா.

அப்பாவின் கொலையை விசாரிக்கிற சட்டமன்றக் குழுவுக்கு மகனே தலைவராக இருக்கலாமா? நானும் கேட்டேன். "உறுப்பினரின் அக்கறையைக் குழு வரவேற்கிறது" என்று சொல்லிவிட்டுக் காபி வரவழைத்தார்கள். நான் மாட்டு டாக்டராக இருந்து, தருமபுரிப் பக்கம் சுயேச்சையாக நின்று ஜெயித்தவள். பெயர் கோமளவல்லி. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சம பலத்தில் இருந்த குழுவில் நடுவே ஒரு ஆள் வேண்டுமே என்று என்னைப் போட்டிருந்தார்கள். என் கேள்விகளுக்குப் பெரும்பாலும் காபிதான் பதில்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நாவேந்தர் தணிகாசலம் கொலையானபோது, அவர் இறந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இறந்தது உடம்பு. அதற்கு முன் சில வருஷங்கள் அவருடைய மூளையின் ஓட்டத்தைப் பதிவு செய்துகொண்டே வந்து, கடைசியில் அதை ஓர் எஃகுப் பெட்டிக்குள் ஓடவிட்டிருந்தார்கள். மறுவுரு என்று அதற்குப் பெயர். பெட்டி அவரைப் போலவே யோசிக்கும், அவரைப் போலவே கோபப்படும், அவர் குரலிலேயே பேசும். வேட்டி மட்டும்தான் கட்டாது. அவருடைய பொதுநல இயக்கம் அந்தப் பெட்டியையே தலைவராக வைத்துக்கொண்டு தேர்தல் மேல் தேர்தலாக ஜெயித்தது. மறுவுருவை அழித்தால் அது கொலை என்று சட்டமும் போட்டது.

பெட்டியை எங்கே வைப்பது? கடற்கரை நினைவகத்தில், அவருடைய சிலையின் பீடத்துக்குள் வைத்தார்கள். சிலைக்குப் பிறந்தநாள் தோறும் தொண்டர்கள் குடம் குடமாகப் பால் ஊற்றுவார்கள். நம் பொறியாளர்களுக்கு நம் தொண்டர்களைத் தெரியாதா? பால் வடிய வாய்க்கால் வெட்டி, பெட்டிக்கு இரட்டை மூடி போட்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டுப் பால் உள்ளே போனதில்லை.

மூன்று வருஷம் முன்பு, ஒரு சித்திரை மாதப் பிறந்தநாளில், மூடி திறந்து கிடந்தது. தொண்டர்களோடு தொண்டராகப் போன ஆவுடையப்பன் அதற்குள் உப்புப் போட்ட மோரை ஊற்றினார். எல்லாத் தொலைக்காட்சியும் நேரலையில் காட்டின. அப்போது ஏதோ ஒரு குழந்தைக்குப் பெயர் சூட்டிக்கொண்டிருந்த நாவேந்தர் பாதிப் பெயரில் நின்றுபோனார். அந்தக் குழந்தையை இன்றும் பாதிப் பெயரிலேயே கூப்பிடுகிறார்கள் என்று கேள்வி.

நீதிமன்றத்தில் ஆவுடையப்பன் வாயே திறக்கவில்லை. ஆயுள் தண்டனை. ஊருக்கெல்லாம் தண்டனையைவிட அந்த மௌனம்தான் ஆச்சரியம். அவர் இயக்கத்தின் மேடைப் பேச்சாளர், 'வெண்கலக்குரல்' என்று பட்டம் பெற்றவர். தலைவர் வரும்வரை கூட்டம் கலையாமல் பேசிக்கொண்டிருப்பது அவர் வேலை. தலைவர் வந்த பிறகு அவரை நிறுத்துவது மற்றவர்கள் வேலை.

இப்போது தேர்தல் வருகிறது. நாவேந்தரின் பிரதி ஒன்று பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. கொலைக்கு இரண்டு வருஷம் முன்பு எடுத்தது. அதைத் திறந்து மறுபடி தலைவராக வைக்க வேண்டுமானால் சட்டமன்றம் ஒப்புதல் தர வேண்டும். மறுவுரு விபத்தில் அழிந்திருந்தாலும் எதிரி கையால் அழிந்திருந்தாலும் பிரதியைத் திறக்கலாம். அது தானே விரும்பி முடிந்துபோயிருந்தால் மட்டும் திறக்கவே கூடாது. ஆவுடையப்பனோ எதிரியும் இல்லை, காரணமும் சொல்லவில்லை; அதனால்தான் இந்தக் குழு.

"விபத்துன்னு அவர் வாயால சொல்லிட்டாப் போதும்" என்று இளமாறன் காலையில் எங்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். "மன்னிப்பு உத்தரவு தயாரா இருக்கு. இன்னைக்கே அவர் வீட்டுக்குப் போகலாம். அப்பாவும் திரும்பி வருவார். இதுல யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க?"

ஆவுடையப்பனிடமும் இதைச் சொல்லியிருந்தார்கள். அவருடைய மனைவி வடிவு, மாற்று வேட்டி சட்டையை ஒரு பையில் வைத்துக்கொண்டு, தென்காசியிலிருந்து வந்து வராந்தாவில் காத்திருந்தார்.

சாட்சி எழுந்து நின்றார். "மாண்புமிகு தலைவர் அவர்களே, ஆன்றோர்களே, சான்றோர்களே, வெளியே வெயிலில் நிற்கும் காவல்துறை நண்பர்களே..."

"இது பொதுக்கூட்டம் இல்ல. உக்காந்து பேசுங்க" என்றார் இளமாறன்.

"உக்காந்தா எனக்குப் பேச்சு வராது சின்னய்யா."

நின்றே பேசட்டும் என்று விட்டோம்.

இளமாறனே எடுத்துக் கொடுத்தார். "அன்னைக்கு நினைவகத்து வாசல்ல நம்ம நீர்மோர்ப் பந்தல் இருந்தது. பால் குடமும் மோர்க் குடமும் பக்கத்துப் பக்கத்துல. நெரிசல்ல நீங்க பாலுன்னு நெனச்சு மோர்க் குடத்துல சொம்ப முக்கிட்டீங்க. அப்படித்தானே?"

ஆவுடையப்பன் மைக்கைப் பார்த்தார். ஜன்னல் வழியே வராந்தாவையும் ஒரு தடவை பார்த்தார்.

"இல்ல சின்னய்யா. நான் குடத்தையே தொடல. வீட்டுலருந்தே சொம்புல கொண்டுபோனேன். வடிவு கடைஞ்ச மோரு. மத்தியானச் சாப்பாட்டுக்குன்னு சொல்லி வாங்கி, உப்ப நான் தனியாப் போட்டேன். பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தச் சொம்ப போலீஸ்காரங்க இன்னும் திருப்பித் தரலன்னுதான் அவளுக்கு வருத்தம்."

அறையில் ஒரே கூச்சல். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், என்ன காரணமோ தெரியவில்லை, வெளிநடப்புச் செய்தார். வெளியே படம் பிடிக்க யாரும் இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"யோசிச்சுப் பேசுங்க" என்றார் இளமாறன். அவர் குரல் தணிந்திருந்தது. "இப்படிச் சொன்னா நீங்க ஜெயிலுக்குத்தான் திரும்பிப் போகணும்."

"மூணு வருசமா யோசிச்சுட்டேன்யா. பேசாம இருந்தா யோசன நல்லா வருது."

நான் கையைத் தூக்கினேன். காபி வருவதற்குள் கேட்டுவிட வேண்டும். "ஏங்க, அது ஏன் மோரு?"

"அப்படிக் கேளுங்க டாக்டரம்மா!" அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அய்யாவுக்குப் பால் ஆகாது. வயிறு ஊதிக்கிடும். உசுரோட இருக்கும்போதே தொடமாட்டாவ. நாம என்ன செஞ்சோம்? வருசா வருசம் அவிய தலையில பாலா ஊத்துனோம். அவியளுக்கு என்ன பிடிக்கும்னு ஒருத்தனும் கேக்கல."

"உங்ககிட்ட அவர் சொன்னாரா?"

"சொன்னாவ. நான் மேடையில அதிகம் பேசுதேன்னு என்னய நினைவகத்துல தூக்கிப் போட்டாவல்லா? தினமும் காலையில பீடத்துக்குப் பின்னால இருக்க சின்னக் கதவத் தெறந்து, அய்யாவுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டணும். அங்க உக்காந்தா அவிய சொந்தக் குரல் கேக்கும். வெளிய இருக்க உங்களுக்கெல்லாம் வடிகட்டின குரல்தான்."

"வடிகட்டினதா?" என்றேன்.

இளமாறன் தன் காபிக் கோப்பையை உற்றுப் பார்த்தார். "எல்லா மறுவுருவுக்கும் அது உண்டு டாக்டர். கட்சிக்குச் சங்கடமா ஏதாவது வந்துட்டா அதத் திருத்தி அனுப்பும். அவ்வளவுதான்."

"அய்யா ஓய்வு கேட்டாவ" என்றார் ஆவுடையப்பன். "ஒருமட்டம் இல்ல, பலமட்டம். 'போதும், என்னய விடுங்க'ன்னு சொல்லுவாவ. வெளிய டிவியில 'கடைசி மூச்சுவரை உழைப்பேன்'னு வரும். அத நான் பேப்பர்ல படிச்சுக் காட்டுவேன். அவிய கேட்டுக்கிடுவாவ. அப்புறம் சொல்லுவாவ, 'ஆவுடை, முன்னெல்லாம் நான் பேசினா முன்வரிசையில எவனாவது கொட்டாவி விடுவான். அவன முழிக்க வைக்கணும்னே நான் இன்னும் நல்லாப் பேசுவேன். இப்பம் நான் என்ன சொன்னாலும் கை தட்டுதான். இது பேச்சாடே?'"

மூன்று தேர்தலில் அந்தக் குரலுக்குக் கை தட்டியவர்கள் அங்கேயே பாதிப் பேர் இருந்தார்கள்.

"கடைசி வருசம் பொங்கல் அன்னைக்கு, பேப்பர் வராத நாளு, அய்யா சொன்னாவ, 'எனக்கு ஒரு சொம்பு மோர் வேணும்டே. உப்பத் தாராளமாப் போடு. கருவேப்பில வேண்டாம், தொண்டையில சிக்கும்.' நான் சிரிச்சேன். 'உங்களுக்கு ஏதுய்யா தொண்ட?'ன்னு கேட்டேன். 'அதத்தான்டே சொல்லுதேன்'னாவ. எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு. 'பொறந்தநாளைக்கு மூடிய நானே உள்ளயிருந்து தெறந்து வைக்கேன், நீ வா'ன்னாவ."

"இத ஏன் கோர்ட்டுல சொல்லல?" இளமாறன் கேட்டார்.

"'அவரே கேட்டாரு'ன்னு எந்தக் கொலகாரன் சொல்லமாட்டான்? அய்யாவும் அதத்தான் சொன்னாவ. 'கோர்ட்டுல எவனும் நம்ப மாட்டான். என் மகன் உன்னயக் கூப்பிட்டுக் கேக்க நாள் வரும். அதுவர வாய மூடிக்கிட்டு இரு. அவன் காதுல விழுந்தாப் போதும்'னாவ." அவர் முதல்முறையாக மைக்கை விட்டு விலகிப் பேசினார். "வாய மூடிக்கிட்டு இருன்னது பெரிய தண்டன சின்னய்யா. ஜெயில் பரவால்ல."

இளமாறன் நிமிர்ந்தார். அவர் முகத்தில் ஒரு பிடிவாதம் வந்திருந்தது. "நான் நம்பல. அப்பா அப்படி விட்டுட்டுப் போற ஆள் இல்ல. ஆதாரம் என்ன? அந்தப் பெட்டிதான் கருகிப்போச்சே." சட்டென்று ஏதோ தோன்றியவராக எங்களைப் பார்த்தார். "பிரதி இருக்கு. இவர் சொல்ற பொங்கலுக்கு ரொம்ப முன்னாடி எடுத்தது. அப்ப அப்பா நல்லா இருந்தார். சாட்சி சொல்ல மட்டும் அதைத் திறக்கலாம், சட்டம் இடம் கொடுக்குது. அவர்கிட்டயே கேட்டுடுவோம்."

"வடிகட்டி இல்லாம" என்றேன் நான்.

அவர் ஒரு கணம் தயங்கினார். "சரி. இல்லாமலே."

உணவு இடைவேளையில் வராந்தாவுக்குப் போனேன். வடிவு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு விட்டுருவாவளாம்மா?" என்று கேட்டார்.

"உண்மையைச் சொல்லிட்டார். அதனால தெரியல" என்றேன்.

"மைக்கு குடுத்தியளா?"

"குடுத்தோம்."

"பெறகு எப்படிப் பொய் சொல்லுவாரு? மைக்கு முன்னால மட்டும் அவருக்குப் பொய் வராது" என்றார். சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு ஆளை உண்மை பேசியதற்காகத் திரும்ப ஜெயிலுக்கு அனுப்பப்போகிறோமே என்று என் மேலேயே கோபம் வந்தது.

பிற்பகலில் பிரதியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். சின்ன பீரோ அளவு. ஓர் அதிகாரி ஒலிபெருக்கியை இணைத்தார். "இதுக்கு நாள் போனது தெரியாதுங்க. பிரதி எடுத்த நிமிஷத்துல எங்க விட்டுதோ அங்கிருந்தே தொடரும். பேசுறதுக்கு முன்னாடி கொஞ்சம் அவகாசம் கொடுங்க" என்றார்.

இளமாறன் தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தார். ஆவுடையப்பன்கூட வாயை மூடிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி கரகரத்தது.

"...ஏ ஆவுடை, போதும்டே. பேப்பர மடி. அந்தத் தலையங்கத்த மூணு மட்டம் படிச்சாச்சு."

சின்ன இடைவெளி.

"அதிசயமா இருக்கே, நிறுத்திட்டானே! சரி, மூச்சு விடுததுக்குள்ள சொல்லிருதேன். எத்தன நாளாச் சொல்லணும்னு பாக்கேன், நீ வாய மூடினாத்தானே. எனக்கு ஒரு சொம்பு மோர் வேணும்டே. உப்பத் தாராளமாப் போடு. கருவேப்பில வேண்டாம், தொண்டையில சிக்கும்."

காலையில் ஆவுடையப்பன் சொன்ன அதே வார்த்தைகள். அந்தப் பொங்கலுக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் முன்பு மூடி வைத்த பெட்டிக்குள்ளிருந்து.

உட்கார்ந்தால் பேச்சு வராது என்ற ஆவுடையப்பன் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "அய்யா... அன்னைக்கே சொல்ல வந்தீயளா? நீங்க போதும்னது ஞாபகம் இருக்கு. நான் வெளையாட்டுப் பக்கத்தையும் படிச்சுட்டுல்லா எந்திரிச்சுப் போனேன்!"

"ஏன்டே உன் குரல் இப்படிக் கெழண்டு போச்சு? கூட யாரு? நெறைய மூச்சுச் சத்தம் கேக்கே."

"அப்பா" என்றார் இளமாறன். "நான் மாறன். இது சட்டமன்றக் குழு. நீங்க... பிரதி. அவர் இப்ப இல்ல. ஆவுடையப்பன் மோர் கொடுத்துட்டார். மூணு வருஷம் ஆச்சு."

பெட்டியிலிருந்து குரல் உற்சாகமாக வந்தது.

"குடுத்துட்டானா! எப்படிடே இருந்துது?"

"உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சுய்யா."

நாவேந்தர் சிரித்தார். இத்தனை வருஷத்தில் அவர் மறுவுரு சிரித்து நான் கேட்டதே இல்லை. வடிகட்டி விட்டதில்லை போலிருக்கிறது. அந்தச் சிரிப்பு எங்கள் எல்லோரையும் தொற்றிக்கொண்டது. எதிர்க்கட்சிக்காரர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"அவனுக்குக் குடுத்துட்டு எனக்கு மட்டும் ஏன் மிச்சம் வச்சிய?"

"தேர்தல் வருதுப்பா" என்றார் இளமாறன். அறுபது வயது மனிதர், மந்திரி, சின்னப் பையன் போல உதடு துடிக்க நின்றார். "நீங்க இல்லாம நான் என்ன பேசுவேன்? நீங்க சொன்னதைத்தானே இத்தனை வருஷமும் படிச்சிட்டிருக்கேன்."

"நீயா எதையாவது பேசு மாறா. கேக்கவன் கொட்டாவி விடுவான். விடட்டும். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன்." குரல் கனிந்தது. "நீ சொந்தமாப் பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்ல. நான் இருக்கது வரைக்கும் நீ பேசவும் மாட்ட."

அப்புறம் அவர் குரல் மாறியது. மைதானங்களை அதிரவைத்த அந்தப் பழைய குரல். "குழு குறிச்சுக்கிடட்டும். தணிகாசலத்தின் மறுவுருவாகிய நான் முடிந்துகொள்ள விரும்புகிறேன். முன்னவனும் விரும்பித்தான் போனான். ஆவுடையப்பன் செய்தது நான் கேட்டது."

கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினோம். இளமாறன் கை கடைசியாகத்தான் உயர்ந்தது, ஆனாலும் உயர்ந்தது. பெட்டியை முடித்துவிடும் பொத்தானை வேறு யாரையும் தொட விடாமல் அவரே பக்கத்தில் போனார்.

"போய்ட்டு வாங்கப்பா" என்றார்.

"போய்ட்டு வாரேன்னு சொல்லமாட்டேன்டே, மறுபடியும் தெறந்துருவிய. போறேன்."

இளமாறன் அமுக்கினார். பிறகு வெகுநேரம் அந்தப் பெட்டி மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். அழாதவர் யாருமில்லை, எதிர்க்கட்சி உட்பட.

அவர் திரும்பி வந்து மன்னிப்பு உத்தரவை எடுத்தார். 'தவறுதலாகச் செய்த' என்று இருந்த இடத்தில் முதல் சொல்லை அடித்துவிட்டு, 'கேட்டுக்கொண்டபடி' என்று எழுதினார். ஒப்புதலுக்காக எங்கள் பக்கம் நீட்டினார். எங்களில் யாரும் காபி கேட்கவில்லை.

உத்தரவு நிறைவேற ஒரு வாரம் ஆனது. ஆவுடையப்பன் வீட்டுக்குப் போனார். சொம்பும் சாட்சிப் பொருள் சீட்டோடு வீட்டுக்குப் போனது. உள்ளே இன்னும் உப்பு படிந்திருந்தது என்று வடிவு போனில் குறைப்பட்டுக்கொண்டார்.

அடுத்த சித்திரையில் நாவேந்தர் பிறந்தநாள் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். சிலைக்கு யாரும் பால் ஊற்றவில்லை. வாசலில் நீர்மோர்ப் பந்தல் மட்டும். கருவேப்பிலை போடாத மோர். நானும் ஆவுடையப்பனும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

இளமாறன் பேச வந்தார். தானே எழுதிய பேச்சு என்று கேட்டதும் தெரிந்தது. தாளைப் பார்த்துப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, வடிகால் திட்டத்தைப் பற்றி ரொம்ப நேரம் சொன்னார். பழக்கதோஷத்தில் ஜனங்கள் கை தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அப்போது ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். இரண்டு கையையும் விரித்து, வாயை முழுசாகத் திறந்து, கடைசி வரிசை வரைக்கும் தெரிகிற மாதிரி ஒரு கொட்டாவி விட்டார்.

இளமாறன் நிறுத்தினார். எங்கள் பக்கம் பார்த்தார். கூட்டம் கை தட்டுவதை நிறுத்தியிருந்தது. அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மைக்குக்கு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்து நின்றார்.

அப்புறம்தான் பேச ஆரம்பித்தார்.